ஒமாஹா ஹை-லோ: ஃப்ளாப்புக்கு முன்னால் ரெய்ஸா, பொறுமையா?

ஒமாஹா ஹை-லோ என்ற போக்கர் ஆட்டத்தில் 4-8 லிமிட் மேசை, அதாவது பந்தயம் முதலில் 4 சில்லு, பிறகு 8. எனக்கு வந்தது இஸ்பேட் ஏஸ், கிளாவர் 2, டைமன் 9, ஆட்டின் ஜாக். பெரிய பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக 4 சில்லு போடுபவர்; சின்ன பிளைண்ட் போடுவது 2) அடுத்த இருக்கை. ஏஸ்-2 வந்த குஷியில் கண்ணை மூடிக்கொண்டு 8-க்கு ரெய்ஸ் பண்ணினேன், அதாவது பந்தயத்தை ஏற்றினேன். மூன்று பேர் கால் பண்ணினார்கள் (அதே தொகையைப் போட்டார்கள்), பெரிய பிளைண்டும் வந்தார். சின்ன பிளைண்ட் மட்டும் தன் 2 சில்லை விட்டுவிட்டுச் சீட்டை மடக்கினார். நடுவில் 42 சில்லு குவிந்தது.

ஃப்ளாப்பில் (மேசையில் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) 4, 7, கிங். நான் 4 கட்டினேன். மூன்று பேர் ஒட்டிக்கொண்டார்கள். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 6. ஏஸ்-2-4-6-7. அதைவிடச் சின்ன லோ (தாழ்ந்த கை) யாருக்கும் அமைய வழியே இல்லை. 8 கட்டினேன். ஒருவர் 16 ஆக்கினார், இன்னொருவர் அந்த 16-ஐயும் சத்தமில்லாமல் போட்டார், நாலாவது ஆள் விலகினார், நானும் மீதி 8 போட்டேன். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) இன்னொரு கிங். மறுபடி ஆளுக்கு 8. மொத்தம் 130.

சீட்டைத் திறந்தால், 16 ஆக்கியவரிடம் இரண்டு 7. மேசையில் இருந்த 7, கிங், கிங்கோடு அது ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு). ஹைக்கு (உயர்ந்த கைக்கு) உரிய பாதி, 65, அவருக்குப் போனது. சத்தமில்லாமல் வந்தவரிடமும் ஏஸ்-2! லோவுக்கு உரிய பாதியை இரண்டாகப் பிய்த்துக்கொண்டோம், ஆளுக்கு 32.5. நான் போட்டிருந்தது 36. மேசையிலேயே சிறந்த லோவை வைத்துக்கொண்டு, ஜெயித்தவன் என்ற பேரோடு, கைக்காசு 3.5 போனது. கால் பண்ணிக் கால் பங்கு வாங்குவது என்று இதைத்தான் கிண்டலாகச் சொல்வேன்.

இந்த ஆட்டம் புதிது என்றால் விதியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆளுக்கு நாலு சீட்டு. கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுத்துத்தான் கணக்கு. குவியலில் பாதி உயர்ந்த கைக்கு, பாதி தாழ்ந்த கைக்கு. தாழ்ந்த கை என்றால் 8-ம் அதற்குக் கீழும் ஐந்து வெவ்வேறு எண்கள் வேண்டும். ஏஸ் இரண்டு பக்கமும் செல்லும். ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சூட், அதாவது இஸ்பேட், கிளாவர் மாதிரி ஒரே இனம்) ஆனாலும் லோவுக்குக் கெடுதல் இல்லை. மேசையில் அப்படி மூன்று வெவ்வேறு சின்னச் சீட்டு விழாவிட்டால் லோவே கிடையாது, முழுக் குவியலும் ஹைக்கு. லிமிட் ஆட்டம் என்பதால் முதல் இரண்டு சுற்றில் சின்னப் பந்தயம், கடைசி இரண்டில் அதன் இரட்டிப்பு. ஒரு சுற்றில் வழக்கமாக ஒரு பந்தயமும் மூன்று ரெய்ஸும்தான்.

இந்த ஆட்டக்காரர்களில் ஃப்ளாப்புக்கு முன்னால் ரெய்ஸ் பண்ணுவது பற்றி இரண்டு கட்சி உண்டு. நல்ல கை வந்தால் எந்த இருக்கையில் இருந்தாலும் ஏற்று என்பது ஒன்று. இதில் பெரும்பாலோர் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டே சீட்டு வரும் போக்கர்) ஆடிப் பழகியவர்கள். இன்னொரு கட்சிக்கு ஃப்ளாப்புக்கு முன்னால் ரெய்ஸ் என்பதே ஆகாது. எல்லாக் கையையும் ஒரே மாதிரி கால் பண்ணிவிட்டு மூன்று சீட்டையும் பார்த்தபிறகு பேசுவார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். முதல் கட்சியில் இருந்தபோது மேலே சொன்னது நடந்தது.

பொறுமைக் கட்சியின் வாதம் சாதாரணமானதல்ல. ஒமாஹாவில் ஃப்ளாப் விழுந்தவுடன் நமக்கு வரவேண்டிய ஒன்பது சீட்டில் ஏழு தெரிந்துவிடுகிறது. அதற்கு விலை ஒரே ஒரு சின்னப் பந்தயம். பெரிய பந்தயம் வருவது அதற்கப்புறம். தவிர, நாலு சீட்டுக் கைகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம் விலகி நிற்பதில்லை. ஹோல்டமில் ஏஸ்-ஏஸ் எதிராளியை நசுக்குகிற மாதிரி இங்கே எதுவும் யாரையும் நசுக்காது. அரைகுறையாகத் தெரிந்த விஷயத்துக்கு ஏன் இரட்டை விலை என்பது அவர்கள் கேள்வி.

அவர்களிடம் இன்னொரு கணக்கும் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்து பேர் ஒரு பந்தயத்தோடு ஃப்ளாப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். குவியலில் 5 பந்தயம். ஃப்ளாப்பில் கிங், குயின், 9. இனி லோவுக்கு வழியில்லை, முழுக் குவியலும் ஒருவருக்கே. மூன்று கிங் வைத்திருக்கும் நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள். ஏஸ்-10 வைத்து ஒரு ஜாக்குக்காகக் காத்திருப்பவர் 1 போட்டால் எதிரே 6. அவர் கண்ணில் படாத சீட்டு 45, அதில் ஜாக் 4, அதாவது 10.25-க்கு 1 எதிராக. 6-க்கு 1 கட்டுபடியாகாது. வந்தால் தப்பு செய்கிறார், அந்தத் தப்பின் லாபம் உங்களுக்கு. ஆனால் முதல் சுற்றிலேயே ரெய்ஸ் பண்ணியிருந்தால் குவியல் 10, உங்கள் பந்தயத்தோடு 11. இப்போது அவர் வருவது சரியான ஆட்டம். அவரைக் கட்டிப்போட்ட கயிறு உங்கள் ரெய்ஸ்தான்.

இவ்வளவும் சரி. அப்படியானால் ரெய்ஸே வேண்டாமா? இங்கேதான் அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்தேன். எல்லாக் கையையும் ஒரே தராசில் வைத்தது அவர்கள் தவறு. இரண்டு பாதியையும் அள்ளக்கூடிய கை வேறு, ஒரு பாதிக்கு மட்டும் போட்டி போடுகிற கை வேறு. முதல் சுற்றில் நான் இப்போது கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். ‘கை எவ்வளவு நல்லது’ என்ற கேள்வியை விட்டுவிட்டேன்.

என் பழைய கையையே எடுத்து எண்ணிப் பார்க்கலாம். ஏஸ்-2 கூட இரண்டு பெரிய சீட்டு. மிச்சம் 48 சீட்டில் ஐந்து விழுகிற வழிகள் அத்தனையையும் எண்ணினால், அந்தக் கைக்கு லோ அமைவது 100-க்குச் சுமார் 37 தடவைதான். முதல் தடவை இதைக் கணக்குப் போட்டபோது நானே நம்பவில்லை, மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏஸ்-2 என்றால் லோ நிச்சயம் என்று ஒரு மிதப்பு இருக்குமே, அதற்கு இந்த எண்ணிக்கை மருந்து.

இப்போது என் 4 சில்லு ரெய்ஸை மட்டும் தனியாகப் பிரிப்போம். ஐந்து பேரும் கூடுதலாக 4 போட்டதில் குவியல் 20 ஏறியது. லோவை நான் தனியாக வாங்கினால் அதில் பாதி, 10. என் 4 போக லாபம் 6. இன்னொருவரோடு பங்கு போட்டால் 5, லாபம் 1. அன்றைக்கு நடந்தது இதுதான். ஆக, 3.5 நட்டத்துக்கு ரெய்ஸ் காரணம் இல்லை, அது ஒரு சில்லு சம்பாதித்துத்தான் தந்தது. கொன்றது டர்னில் மூன்று பேராகச் சுருங்கிய பிறகு போட்ட பெரிய பந்தயங்கள். கால் பங்குக்கு ஆடும்போது நாலு பேர் பணம் போட்டால் வரவும் செலவும் சமம். மூன்று பேர் என்றால் ஒவ்வொரு பந்தயத்திலும் கால்வாசி நட்டம், இரண்டே பேர் என்றால் பாதி நட்டம்.

சரி, ரெய்ஸ் ஒரு சில்லாவது தந்ததே என்று திருப்தி அடைய வேண்டியதில்லை. அது லோ அமைந்த தடவை. நூறு கைக்குப் பாருங்கள். லோவை யாரும் பங்கு கேட்கவே இல்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட 37 தடவை ஆறு ஆறாக 222 வரவு. மீதி 63 தடவை நாலு நாலாக 252 செலவு. 30 சில்லு துண்டு விழுகிறது. ஒரே சூட்டில் இரண்டு சீட்டு இல்லாத, ஜோடி இல்லாத அந்தக் கை எப்போதாவது ஹையையும் எடுக்கும். இன்னொரு பக்கம் மேசையிலேயே ஒரு 2 விழுந்து என் 2-ஐ செல்லாக்காசு ஆக்கும், லோ இருந்தும் தோற்கும். ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிற விஷயங்கள்.

இதே கணக்கில் 9-ஐ எடுத்துவிட்டு ஒரு 3-ஐ வையுங்கள். ஏஸ்-2-3 கூட ஒரு பெரிய சீட்டு. லோ அமைவது 37-லிருந்து 49-க்கு ஏறுகிறது. காரணம் எளிது. மேசையில் ஏஸோ 2-ஓ விழுந்தாலும் மாற்று ஆள் கையில் தயார். 49 தடவை ஆறு, 294. 51 தடவை நாலு, 204. 90 சில்லு மிச்சம். ஏஸ் கூட அதே சூட்டில் இன்னொரு சீட்டு இருந்தால் உயர்ந்த ஃப்ளஷ்ஷுக்கும் வழி, அதாவது ஹையிலும் ஒரு காலை ஊன்றியாயிற்று. ஒரே ஒரு சீட்டு மாறியதில் ரெய்ஸ் தவறிலிருந்து சரிக்கு வந்துவிட்டது. ஏஸ்-2 சுமார் 16 கைக்கு ஒரு தடவை வரும். ஏஸ்-2-3 சுமார் 95-க்கு ஒன்று. முதல் கட்சிக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுக்கிறார்கள்.

பங்கு கேட்க ஆள் இருப்பாரா என்பதையும் ஊகிக்கலாம். எனக்கு ஏஸ்-2 இருக்கும்போது, கண்டபடி வந்த ஒரு எதிராளிக் கையில் ஏஸும் 2-ம் இருக்க வாய்ப்பு 4.4 சதவீதம். எட்டு எதிராளிகளில் யாரிடமாவது என்றால் ஏறக்குறைய 30 சதவீதம். மடக்கிப் போகிறவர்கள் ஏஸ்-2-ஐ மடக்குவதில்லை; ஆகவே கடைசிவரை நிற்பவர்களில் அது ஒளிந்திருக்க வாய்ப்பு இன்னும் அதிகம்.

அடுத்தது இருக்கை. ஒமாஹா புத்திமதிகளில் இதைத்தான் பாதி பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். லிமிட் ஆட்டத்தில் ரெய்ஸ் யாரை விரட்டும்? எனக்குப் பின்னால், இன்னும் பணம் போடாமல் உட்கார்ந்திருப்பவர்களை. அவர்கள் ஒரேயடியாக 8 போட யோசிப்பார்கள். ஏற்கெனவே 4 போட்டுவிட்டவர் இன்னொரு 4-க்கு ஓடமாட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஓடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே முன் இருக்கையில் ரெய்ஸ் ஆளைக் குறைக்கும். நாலு பேர் வந்தபிறகு கடைசி இருக்கையில் செய்யும் ரெய்ஸ் காசைப் பெருக்கும். பேர் ஒன்றானாலும் வேலை நேர் எதிர்.

ஏஸ்-2 வகைக் கைக்குக் கூட்டம் வேண்டும். முன் இருக்கையிலிருந்து அதை ஏற்றினால் யார் ஓடுகிறார்கள்? ஏஸ்-4, 2-3, 3-4 என்று இரண்டாந்தர லோவோடு கடைசிவரை வந்து எனக்குப் படி அளந்திருக்க வேண்டியவர்கள். யார் நிற்கிறார்கள்? இன்னொரு ஏஸ்-2-ம், பெரிய ஜோடிக்காரரும். தின்னக் கொடுக்க வந்தவரை விரட்டிவிட்டு, பங்கு கேட்க வந்தவருக்கு நாற்காலி போட்ட கதை. அதனால் ஏஸ்-2-3 ஆனாலும் முன் இருக்கையில் நான் பெரும்பாலும் கால்தான் பண்ணுகிறேன். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கை) இருந்து, முன்னால் மூன்று நாலு பேர் வந்திருந்தால் ரெய்ஸ்.

ஏஸ்-ஏஸ் இதற்கு நேர்மாறு. ஏஸ்-ஏஸ்-9-ஜாக் மாதிரி வறண்ட கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எதிராளி என்றால் அந்த ஜோடி ஒண்டியாகவே பலமுறை ஹையை வாங்கிவிடும். ஐந்து பேர் நின்றால் எவனாவது ஒருவன் இரண்டு ஜோடியாவது கட்டியிருப்பான். ஆகவே யாரும் வராத முன் இருக்கையில், அல்லது முன்னால் ஒருவர் ரெய்ஸ் பண்ணி அடுத்தது நாம் என்றால், ஏற்றித் தனியாக்கப் பார்க்கலாம். இரண்டாவது வழிதான் நன்றாக வேலை செய்கிறது, பின்னால் இருப்பவர்களுக்கு வாசல்படி மூன்று பந்தயம் உயரமாகிவிடும். ஆனால் எல்லாரும் எதற்கும் வருகிற மேசை என்று ஒன்று உண்டு. அங்கே வறண்ட ஏஸ்-ஏஸை ஏற்றினால், நாம் ஜெயிக்கப்போகாத குவியலை நாமே உரம் போட்டு வளர்க்கிறோம். அந்த மேசையில் பேசாமல் கால் பண்ணி மூன்றாவது ஏஸ் வருகிறதா என்று பார்ப்பேன்.

ஏஸ்-ஏஸ்-2-3, இரண்டு ஏஸும் தலைக்கு ஒரு சூட் துணையோடு வந்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். இதைவிட நல்ல தொடக்கக் கை கிடையாது என்பதுதான் பரவலான கருத்து. ஆள் குறைந்தாலும் லாபம், கூடினாலும் லாபம். ரெய்ஸ் தீரும்வரை ஏற்றலாம்.

நாலும் பெரிய சீட்டாக வரும் கிங்-குயின்-ஜாக்-10 பற்றி எனக்கும் என்னோடு ஆடுபவர்களுக்கும் தீராத வழக்கு. இதை ஏற்றச் சொல்பவர்கள், 100-க்கு 40 தடவை லோவே அமையாது, முழுக் குவியலும் நமக்கு என்பார்கள். அந்த 40 சரிதான், ஆனால் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது. நாலு பெரிய சீட்டு என் கையில் அடைந்து கிடக்கும்போது சீட்டுக்கட்டில் சின்னச் சீட்டு செறிந்துவிடுகிறது. மேசையில் லோவுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 60-லிருந்து சுமார் 69 சதவீதமாகிறது. முழுக் குவியல் என்பது 40 இல்லை, 31. அவர்கள் பதிலிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் பணம் போட்டு வந்திருந்தால் ஏஸும் 2-ம் 3-ம் அவர்கள் கையில் முடங்கியிருக்கும், சீட்டுக்கட்டில் பெரிய சீட்டு கொஞ்சம் கூடியிருக்கும். எவ்வளவு என்பது ஆட்களைப் பொறுத்தது. என் முடிவு: கால். இந்தக் கையின் அழகே ஃப்ளாப்பில் இரண்டு சின்னச் சீட்டு விழுந்ததும் தயங்காமல் மடக்கிவிடலாம் என்பது. அடிக்கடி மடக்கப்போகிற கைக்கு இரட்டை நுழைவுக் கட்டணம் எதற்கு? பட்டனில் ஐந்தாறு பேர் முன்னால் வந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

6-7-8-9 போன்ற நடுத்தரக் கைகளை ரெய்ஸுக்கும் காலுக்கும் நடுவில் வைத்து ஒப்பிடவே வேண்டாம். ஹையும் இரண்டாந்தரம், லோவும் இரண்டாந்தரம். மடக்குங்கள். ஏஸ் இல்லாத 2-3-4-5-ம் ஏறக்குறைய அதே ரகம், மேசையில் ஏஸ் விழுந்தால் தவிர அதற்கு உயிர் இல்லை.

எல்லாரும் மடக்கி ஆட்டம் பட்டனில் இருக்கும் உங்களிடம் வந்தால் மேலே சொன்னதெல்லாம் தளர்ந்துவிடும். எதிரே இரண்டு பிளைண்ட் மட்டும், அவர்கள் கையில் என்ன இருக்கிறதென்று அவர்களே தேர்ந்தெடுக்கவில்லை. ஏஸ்-5-கிங்-10 கூட ரெய்ஸுக்குப் போதும். கால் பங்கு பயம் இங்கே சின்னது. ஒரு சுமாரான லோவும் ஒரு ஜோடியும் இரண்டு பக்கமும் வாங்கித் தரும். ரெய்ஸ், கால், மடக்குதல் என்ற மூன்று வழிகளில் இங்கே சும்மா கால் பண்ணுவதுதான் ரொம்ப மோசம் என்பேன்.

ஒருவர் முன்னால் ரெய்ஸ் பண்ணியிருக்கிறார், உங்களிடம் வெறும் ஏஸ்-2. திருப்பி ஏற்றலாமா? அவர் ஏற்றுவதே பெரும்பாலும் ஏஸ்-2-க்குத்தான் என்றால், பாதிக்குள் பாதிக்காக மூன்று பந்தயம் போடுகிறீர்கள். கால் பண்ணினால் போதும், கூட எதுவும் இல்லாவிட்டால் மடக்கினாலும் பாவமில்லை.

ரெய்ஸ் ஒரு அறிவிப்பும்கூட என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் ஏஸ்-2-க்கு மட்டும் ஏற்றுகிற ஆள் என்று மேசைக்குத் தெரிந்துவிட்டால், கிங்-ஜாக்-10 விழும்போதெல்லாம் உங்களை வெளியே தள்ளுவார்கள். 3-5-8 விழும்போது எவரும் காசு தரமாட்டார்கள். பொறுமைக் கட்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது அவர்களுக்கு உள்ள நிஜமான லாபம். என் ரெய்ஸ்களில் ஏஸ்-ஏஸும், பட்டனிலிருந்து பிளைண்ட் காசைத் திருடப் பார்க்கும் ரெய்ஸும் கலந்திருப்பதால் ஓரளவு மறைப்பு கிடைக்கிறது. ஹார்ஸ் என்ற கலவை ஆட்டத்தில் ‘ஓ’ எழுத்துக்குரிய சுற்று இதுதான். அங்கே ஹோல்டமும் ஸ்டட் என்ற இன்னொரு போக்கரும் ஆடிப் பழகியவர்கள் உட்காருவதால், ரெய்ஸைப் பார்த்ததும் பெரிய ஜோடி என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் மறைப்பே தேவையில்லை.

கடைசியாகப் பெரிய பிளைண்ட். ஐந்து பேர் கால் பண்ணி ஆட்டம் என்னிடம் வருகிறது, கையில் ஏஸ்-2-3, ஏஸுக்கு ஒரு சூட் துணை. ஏற்றினால் ஒருவரும் ஓடமாட்டார், கணக்குப்படி லாபம். ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நான் பேச வேண்டும், அதுவும் கையை அறிவித்துவிட்ட பிறகு. ஆள் குறைந்த மேசையில் ஏற்றுகிறேன். எல்லாரும் ரிவர் வரை வருகிற மேசையிலும் ஏற்றுகிறேன், அவர்கள் என் அறிவிப்பைப் படிப்பதே இல்லை. இரண்டுக்கும் நடுவில், கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேர் என்றால் மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டு இலவசமாக ஃப்ளாப் பார்க்கிறேன். அதே இடத்தில் ஏஸ்-2-9-ஜாக் வந்தால் எந்த மேசையானாலும் தட்டுதான்.